பக்ஸ்டன் போகிறவர்கள் இங்கே இறங்க வேண்டும்

நாங்கள் இருப்பது மான்செஸ்டரில். போன செப்டம்பரில் நானும் மனைவியும் டெர்பிஷயரில் மான்சல் பாதையில் நடக்கப் போனோம். பேக்வெல் பக்கத்திலிருந்து எட்டரை மைல், முழுக்கப் பழைய ரயில் தடம். வழியில் வரும் மில்லர்ஸ் டேல் ஸ்டேஷனைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

சின்னஞ்சிறு ஊர். ஸ்டேஷனுக்கு மட்டும் ஐந்து பிளாட்பாரம்! ஏன் இத்தனை என்று யோசித்துக்கொண்டிருந்தபோது பெஞ்சில் இருந்த பெரியவர் ஒருவர் தானாகவே பேச்சுக் கொடுத்தார். எண்பது வயதிருக்கும், பக்ஸ்டன்காரர். லண்டன் செயின்ட் பாங்க்ராஸுக்கும் மான்செஸ்டருக்கும் ஓடிய மெயின் லைன் பக்ஸ்டனுக்குள் போகாதாம். அந்த ஊர்க்காரர்கள் குட்டி வண்டியில் இங்கே வந்து மாறுவார்களாம்.

"பிளாட்பாரத்திலேயே தபால் ஆபீஸ் இருந்தது, தெரியுமா?" என்றார். வண்டி வருவதற்குள் அவருடைய அம்மா அங்கே நின்றபடியே பெரியம்மாவுக்குக் கார்டு எழுதிப் போட்டுவிடுவாராம். பிளாட்பார ஓரக் கல்லைக் கைத்தடியால் தட்டி, பால் கேன்கள் நின்ற இடத்தைக் காட்டினார். இடுக்குகளில் புல் முளைத்திருந்தது. எனக்கு அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

ஸ்டேஷன் திறந்தது 1863-ல். போக்குவரத்து பெருகி, வை ஆற்றின் மேல் 1905-ல் இரண்டாவது பாலமும் கட்டினார்கள். இரண்டும் இன்றும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. 2,363 ஸ்டேஷன்களை மூடலாம் என்று 1963-ல் பிரிட்டிஷ் ரயில்வே தலைவர் பீச்சிங்கின் அறிக்கை வந்த பிறகு, நாடெங்கும் மூடுவிழாதான். இங்கே 1967 மார்ச்சில் பூட்டினார்கள். மறு வருஷம் பாதையே போனது.

1981-ல் நடைபாதை ஆக்கினார்கள், 2011-ல் பழைய ரயில் சுரங்கப்பாதைகளையும் திறந்துவிட்டார்கள். நல்ல காரியம், மறுக்கவில்லை. ஸ்டேஷன் கட்டடத்தில் இப்போது டீயும் கிடைக்கிறது. ஆனாலும் மனசு ஆறவில்லை. மான்செஸ்டரிலிருந்து டெர்பிக்கு ரயிலில் போக இன்று ஷெஃபீல்டையோ ஸ்டோக்கையோ சுற்ற வேண்டியிருக்கிறது. மலையைக் குடைந்து போட்ட நேர்வழியை எப்படித்தான் விட மனசு வந்ததோ!

கடைசி நாளன்று வந்தீர்களா என்று மனைவி கேட்டாள். "இல்லை அம்மா. அப்போது எனக்கு வெளியூரில் வேலை. பேப்பரில்தான் பார்த்தேன்" என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மணியைப் பார்த்தார். பக்ஸ்டன் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து, கைத்தடியை ஊன்றிப் படி இறங்கினார்.