ரெவிட்ல சுவர் டைப் மாத்துனா டைமென்ஷன் போயிருது, வழி சொல்லுங்க

வணக்கம் மக்களே, மார்த்தாண்டம் பக்கம் ஒரு மாடி வீட்டுக்கு ரெவிட்ல (கட்டட வரைபடம் போடுற சாஃப்ட்வேர்) ஒர்க்கிங் டிராயிங் போட்டுட்டு இருக்கேன். கொத்தனாருக்கு பூச்சு சேர்க்காத கட்டு அளவுதான் வேணும், அதனால அலைன்டு டைமென்ஷன்ல (அளவுக்கோடு போடுற டூல்) வால் ஃபேஸ், அதாவது பூச்சோட வெளிமுகத்தை விட்டுட்டு, கோர் ஃபேஸ், அதாவது உள்ள இருக்க கட்டோட முகத்தை வச்சு எடுக்கேன், மில்லிமீட்டரோட அடி இஞ்சும் வர்றதுக்கு ஆல்டர்நேட் யூனிட்ஸும் குடுத்தாச்சு, அது வரைக்கும் அருமையா வருது.

இப்ப வீட்டுக்காரரு செங்கலுக்குப் பதிலா ஹாலோ பிளாக் போடலாம்னு சொல்லுதாரு. சுவர் டைப்பை மாத்துனதும் ரெஃபரன்ஸ் (டைமென்ஷன் புடிச்சிருக்க முகம்) செல்லாதுன்னு மெசேஜ் வந்து நிறைய டைமென்ஷன் அழிஞ்சு போகுது, டைமென்ஷன் அந்தந்த வியூக்கு மட்டும்தான்ங்கறதால ஒவ்வொரு பிளான்லயும் மறுபடி போடணும். நம்பரை கையால அடிச்சு மாத்த ரெவிட் விடாது, அது நல்லதுதான், தப்பு அளவு சைட்டுக்குப் போச்சுன்னா இடிச்சுக் கட்டுறது யாரு?

பழைய டைப்பையே டூப்ளிகேட் பண்ணி கோர் கனத்தை மட்டும் மாத்துனா டைமென்ஷன் நிக்குமா? இல்ல, கிரிட்ல (பிளான்ல போடுற அச்சுக்கோடு) இருந்து சுவர் சென்டருக்கு எடுக்கதுதான் பத்திரமா? செய்து பாத்தவங்க சொல்லித் தாங்க, தக்கலை, நாகர்கோவில்ல யாராவது இருந்தா லேப்டாப்போட நேர்லயே வாறேன்.