ஆலோசனைப் பெட்டி காலியாவே கிடக்கு: சின்ன சிஎன்சி ஷாப்ல கைசன் (வேலை செய்றவங்களே கொண்டு வர்ற சின்னச் சின்ன முன்னேற்றம்) எப்படி ஆரம்பிக்கிறது?

டர்னிங்_ஷாப்:
கோவையில 9 சிஎன்சி லேத் (கம்ப்யூட்டர்ல ஓடுற கடைசல் மெஷின்), 2 விஎம்சி (செங்குத்து மில்லிங் மெஷின்). பம்ப் ஷாஃப்ட், பேரிங் ஹவுசிங் ஓடுது. ரெண்டு ஷிஃப்ட்டும் சேர்த்து 34 பேர், அதுல 12 பேர் ஒடிசா, பீகார் பசங்க. ஆலோசனைப் பெட்டி வச்சு, "நல்ல யோசனைக்கு 1,000 ரூபாய்"னு எழுதியும் மாட்டியாச்சு. முதல் மாசம் 11 சீட்டு வந்துச்சு, அதுல 7 சீட்டு ஃபேன் வேணும், டீ சரியில்லைங்கிறதுதான். அப்புறம் ரெண்டு மாசமா ஒண்ணுமில்ல. ஒரு ஜாப் மாத்தி அடுத்த பாகத்துக்கு மெஷினைத் தயார் பண்ற செட்டிங் போட 75 நிமிஷம் ஆகுது, அதைப் பத்திக்கூட யாரும் எழுதல. எங்கங்க தப்பு?

பழைய_க்யூசி:
அந்த 7 சீட்டுக்கு என்ன பதில் போச்சுங்க? ஃபேன் கேட்டவருக்கு ஃபேனும் வரல, "இந்த மாசம் முடியாது, இன்ன காரணம்"னு ஒரு வார்த்தையும் வரலன்னா, மத்தவங்க அதைப் பார்த்துட்டுத்தான் இருப்பாங்க. டீ, ஃபேன்தான் முதல் பரீட்சை. அதுல நீங்க பாஸ் ஆனாத்தான் செட்டிங் பத்திப் பேச்சு வரும்.

பெட்டியைக் கழட்டிடுங்க. பூட்டுப் போட்ட பெட்டிக்குள்ள போனது என்ன ஆச்சுன்னு யாருக்கும் தெரியாது. பதிலா ஷிஃப்ட் மாத்துற இடத்துல நாலுக்கு மூணு அடியில ஒரு வெள்ளை போர்டு. பிரச்சினை, மெஷின் நம்பர், யார் பாக்குறாங்க, எந்தத் தேதிக்குள்ள, முடிஞ்சுதா, இவ்வளவுதான் கட்டம். ரெண்டு வேலை நாளுக்குள்ள பதில் விழணும், "முடியாது"ன்னாலும் சரி. 500 ரூபாய் வரைக்கும் சூப்பர்வைசரே யாரையும் கேக்காம செலவு பண்ணலாம்னு சொல்லிடுங்க. ஒரு ஆலன் கீ செட்டுக்கு ஆபீஸ் கையெழுத்து வேணும்னா யாரும் கேக்க வரமாட்டாங்க.

1,000 ரூபாயையும் எடுத்துடுங்க. எது "நல்ல" யோசனை, அது யாரோட யோசனைன்னு சண்டைதான் மிஞ்சும். செஞ்சு முடிச்ச ஒவ்வொண்ணுக்கும் சின்னதா, எல்லாருக்கும் ஒரே தொகை போதும். டொயோட்டாவுல 1951லயே ஆலோசனைத் திட்டம் ஆரம்பிச்சாச்சு. நம்ம ஊர்ல பெட்டியை மட்டும் காப்பியடிச்சோம், பதில் சொல்ற வேலையை அங்கேயே விட்டுட்டோம்.

மைக்ரான்:
அந்த 75 நிமிஷத்தையே முதல் வேலையா எடுங்க. செட்டர்கிட்ட சொல்லிட்டு, போன்ல முழுசா வீடியோ எடுங்க. அப்புறம் அவரையும் பக்கத்துல உக்கார வச்சுப் பாருங்க. மெஷின் ஓடும்போதே செய்யக்கூடியது எது, நிறுத்தினாத்தான் செய்ய முடியும்ங்கிறது எதுன்னு பிரிச்சு எழுதுங்க. ஜப்பான் இன்ஜினியர் ஷிகியோ ஷிங்கோ டொயோட்டாவுல 1,000 டன் பிரஸ்ஸோட 4 மணி நேர டை (அச்சு) மாத்தத்தை 3 நிமிஷத்துக்குக் கொண்டு வந்ததுக்கு அடிப்படை இந்தப் பிரிப்புதான்.

லேத்ல பெரும்பாலும் நேரம் போறது மூணு இடத்துல. ஜா (பாகத்தைப் பிடிக்கிற தாடை), இன்செர்ட் (வெட்டுற முனை), கேஜ் (அளவுக் கருவி) தேடி நடக்கிறது ஒண்ணு. அடுத்த ஜாபுக்கு வேண்டியது எல்லாம் 20 நிமிஷம் முன்னாடியே ஒரு டிராலியில மெஷின் பக்கத்துல நின்னா அது போயிடும். ரெண்டாவது, முதல் பீஸைச் சரிபார்க்க க்யூசி (தரம் பாக்குறவர்) வர்ற வரைக்கும் காத்திருக்கிறது. செட்டிங் முடியப் போகுதுன்னு 10 நிமிஷம் முன்னாடி அவருக்குச் சொல்ல ஒரு பச்சை விளக்கு போதும்.

மூணாவது சாஃப்ட் ஜா, அதாவது பாகத்தோட அளவுக்கு நாமே கடைஞ்சுக்கிற ஜா. இதுலதான் விஷயமே இருக்கு. ஜாவுல 1, 2, 3 பஞ்ச் அடிச்சு, சக்ல (ஜாக்களைத் தாங்கிச் சுத்துற தலை) அதே நம்பர் மாஸ்டர் ஜாவுலதான் மாட்டணும். ஓரத்துல இருந்து எத்தனையாவது செரேஷன் பல்லுன்னு செட்டிங் ஷீட்ல எழுதி வைங்க. ஜாவை போர் பண்ணும்போது (உள்பக்கம் கடையும்போது) ரிங் கொடுத்துப் பிடிச்சு, ஜாப் ஓட்டும்போது சக் பிடிக்கிற அதே பிரஷர்ல போர் பண்ணணும். பிரஷர் மாறினா ஜா தூக்கும், டேப்பர் (ஒரு பக்கம் சரிவு) விழும், அப்புறம் அரை மணி நேரம் டூல் அளவைத் திருத்துற ஆஃப்செட்டோட மல்லுக்கட்டணும். உங்க பேரிங் ஹவுசிங் சுவர் மெலிசுன்னா பிரஷரை ஏத்தவே ஏத்தாதீங்க. சக்ல இருக்கிறப்ப வட்டமா இருக்கும், கழட்டினதும் மூணு பக்கமா உப்பிடும். ரெண்டு முனை டயல் போர் கேஜ் இதைக் காட்டிக் கொடுக்காது, மூணு முனை போர் மைக்ரோமீட்டர் வேணும்.

ஷிஃப்ட்_பி:
எல்லாம் சரிங்க. 75 நிமிஷம் 40 ஆனதும் அடுத்த மாசம் டார்கெட் ஏறுச்சுன்னா? ஆபரேட்டர் வாய் மூடுறது அங்கதான். தனக்குத் தெரிஞ்ச சுலப வழியைத் தன்னோடயே வச்சுக்குவாரு, அது அவரோட சேமிப்பு. "மிச்சமான நேரத்தைக் காட்டி 6 மாசத்துக்கு டார்கெட் ஏத்த மாட்டோம், யாரையும் நிறுத்த மாட்டோம்"னு போர்டுலயே எழுதிப் போடுங்க. தமிழ்லயும் இந்தியிலயும். எழுதச் சிரமப்படுற பசங்களுக்கு வாட்ஸ்அப்ல வாய்ஸ் நோட் போதும், மாத்துறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ, மாத்தினப்புறம் ஒரு போட்டோ. போர்டைப் பாத்துப் பேசுற கூட்டம் நைட் ஷிஃப்ட்டுக்கும் வேணும்ங்கிறதை மறந்துடாதீங்க, பெரும்பாலும் விடுபடுறது அவங்கதான்.

டர்னிங்_ஷாப்:
பிரஷர் விஷயம் இன்னைக்கே பாக்குறேன், எங்க செட்டிங் ஷீட்ல அந்தக் கட்டமே இல்ல. இன்னொண்ணு: கஸ்டமர் ஆடிட்ல "மாசம் எத்தனை கைசன்"னு கேக்குறாங்களே?

பழைய_க்யூசி:
எண்ணிக்கையை டார்கெட்டா வச்சீங்கன்னா பத்து மெஷின்ல லேபிள் ஒட்டிட்டு பத்து கைசன்னு கணக்குக் காட்டுவாங்க. ஆடிட்டுக்கு அந்த நம்பரைக் கொடுத்துடுங்க. நீங்க பாக்க வேண்டியது வேற: 34 பேர்ல எத்தனை பேர் பேரு போர்டுல வந்துச்சு, பிரச்சினை எழுதினதுக்கும் பதிலுக்கும் நடுவுல எத்தனை நாள், 30 நாள் கழிச்சும் அந்த மாத்தம் நிக்குதா.

நிக்காததுக்குக் காரணம் முக்கால்வாசி ஷீட்தான். மாத்தத்தைச் செஞ்ச பையன் சத் பூஜைக்கு ஊருக்குப் போவான், அவன் இடத்துல நிக்கிறவர் பழைய ஷீட்டைப் பார்த்துப் பழையபடி போடுவாரு. கம்ப்யூட்டர்ல திருத்தினா மட்டும் பத்தாதுங்க. மெஷின் கதவுல தொங்குற, கூலன்ட் பட்டுப் பழுப்பேறின அந்தத் தாளை அன்னைக்கே கிழிச்சுட்டு, தேதி போட்ட புதுசை லேமினேட் பண்ணி மாட்டுங்க.