மல்லிகைப்பூ சோதனைக்கு யோசனை வேண்டும்

வணக்கம். அறிவியல் ஆசிரியர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் உதவுங்கள்.

மகள் எட்டாம் வகுப்பு. மதுரை மல்லியை எதில் சுற்றி வைத்தால் சீக்கிரம் வாடாது என்று பள்ளிக் கண்காட்சிக்காகச் சோதித்துப் பார்க்கப் போகிறாள். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரே கடையில், அன்றைக்குப் பறித்த மொட்டாக வாங்கி, 50 கிராம் வீதம் பிரித்து வாழை இலை, ஈரத்துணி, பாலிதீன் பை மூன்றிலும் வைப்பது திட்டம். ஒரு பங்கு மட்டும் எதிலும் சுற்றாமல் தட்டில் கிடக்கும், ஒப்பிட்டுப் பார்க்க.

சுற்றும் பொருள் சாரா மாறி (நாம் மாற்றிப் பார்ப்பது), வாடுவது சார்ந்த மாறி (அதனால் மாறுகிறதா என்று அளப்பது). மொட்டின் எடை, வைக்கிற இடம், நேரம் எல்லாம் மாறக்கூடாது. இதுவரை சரி. பாலிதீன் பையை மட்டும் ஃபிரிட்ஜில் வைக்கலாமே என்றாள். பையும் மாறி, குளிர்ச்சியும் மாறினால் எதனால் வாடவில்லை என்று எப்படிச் சொல்வது? வேண்டாம் என்றுவிட்டேன்.

சிக்கல் அளப்பதில்தான். பூவிலிருந்து நீர் போகப் போக எடை குறையும், அதையே அளக்கலாம் என்று பார்த்தால், ஈரத்துணியில் இருக்கும் பூவில் தண்ணீர் ஒட்டி எடை கூடிவிடுமே! பழுப்பேறிய பூக்களை எண்ணலாமா? எண்ணுவதென்றால், இதழ் ஓரம் லேசாகப் பழுத்தாலே வாடிய கணக்கா, பாதி பழுக்க வேண்டுமா?

அப்புறம், நம்ம ஊர் வெயிலில் காலை வெப்பமும் மதிய வெப்பமும் ஒன்றாகவா இருக்கும்? நான்கு பங்கும் ஒரே அறையில் இருந்தால் போதுமா, இல்லை வெப்பமானி வைத்துக் குறிக்க வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.