மறு: எல்டர்பெரி சிரப் – ‘எல்டர் மணப்பாகு’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

எல்டர்பெரி என்ற பழத்துக்கும் அதில் செய்யும் சிரப்புக்கும் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று இங்கே பேசிக்கொண்டிருக்கிறோம். பழத்துக்கு ‘மூத்தோர் கனி’ என்ற பெயர் வேண்டாம் என்பது என் கருத்து. அந்த எல்டர் பழைய ஆங்கிலத்தில் ஒரு மரப்பெயர். வயதில் மூத்தவரைக் குறிக்கும் சொல்லோடு ஒலிப்பில் மட்டும்தான் ஒத்துப்போகிறது. சாம்புகஸ் நைக்ரா என்ற தாவரப் பெயரை ஒட்டி ‘சம்புக்கனி’ என்று ஒருவர் தந்திருக்கிறார். கேட்க நன்றாகவே இருக்கிறது, ஆனால் சம்பு என்றால் நமக்கு நாவல். இதுவும் கருநீலப் பழம் என்பதால் குழப்பம் வந்தே தீரும். எல்டர் பழம் என்றே வைத்துக்கொள்வோம்.

எனக்கு முக்கியமாகப் படுவது சிரப்தான். ஐரோப்பாவில் சளி, ஃப்ளூ வந்தால் பலரும் தேடுவது அதைத்தான். இங்கே சிலர் ‘எல்டர் சாறு’ என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அது வேண்டாம். சாறு என்றால் பிழிந்து அப்படியே குடிப்பது என்றுதான் யாரும் நினைப்பார்கள். வேகவைக்காத பழத்திலும் விதையிலும், இலையிலும் தண்டிலும், உடலுக்குள் சயனைடை வெளிவிடும் பொருள்கள் உண்டு. 1983இல் கலிபோர்னியாவில் ஒரு குழுவினர் அங்கே காட்டில் விளைந்த எல்டர் பழங்களை இலை, காம்போடு நசுக்கிப் பிழிந்து குடித்தார்கள். கால் மணி நேரத்துக்குள் குமட்டல், வாந்தி. 8 பேரை ஹெலிகாப்டரில் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று.

சித்த மருத்துவத்தில் ‘மணப்பாகு’ இருக்கிறதே! இருமலுக்கு ஆடாதோடை மணப்பாகு கடையிலேயே கிடைக்கிறது. சாற்றில் சர்க்கரை சேர்த்துப் பாகுபதம் வரும்வரை காய்ச்சி எடுப்பது அது. எல்டர் சிரப்பும் அப்படித்தான்: பழுத்த பழத்தைக் காம்பு களைந்து, தண்ணீர் விட்டு நன்றாகக் கொதிக்கவைத்து, விதை போக வடிகட்டி, சர்க்கரை சேர்த்துக் காய்ச்சுகிறார்கள். அடுப்பில் ஏற வேண்டிய பொருள் என்பது பெயரிலேயே வந்துவிடுகிறது.

மருந்துப் பெயரைச் சூட்டினால் நோய் தீரும் என்று உறுதி சொன்னதாகிவிடாதா என்ற கேள்வி நியாயமானது. நார்வேயில் 60 பேரிடம் செய்து 2004இல் வெளியான ஆய்வில், குடித்தவர்களுக்கு ஃப்ளூ அறிகுறிகள் சராசரியாக 4 நாள் முன்னதாகத் தணிந்தன. 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஃப்ளூ உறுதியான 87 பேரிடம் அப்படி எந்தப் பலனும் தெரியவில்லை. ஆகவே விளக்கத்தில் ‘குணமாக்கும்’ என்ற சொல் வரவே கூடாது. என் வரைவு இது:

எல்டர் மணப்பாகு: நன்கு கொதிக்கவைத்து வடித்த எல்டர் பழச்சாற்றில் சர்க்கரை சேர்த்துக் காய்ச்சிய பாகு, சளி, ஃப்ளூ அறிகுறிகளின்போது குடிக்கப்படுவது.

சர்க்கரையே சேர்க்காமல் விற்கும் வகையையும் மணப்பாகு என்பது பொருந்துமா? சித்த மருந்து செய்து பழகியவர்கள் சொன்னால் நல்லது.