ஜூ-ஆன் 2: சப்டைட்டில் எப்படி நகர்த்தினாலும் ஒட்டவில்லை, யாராவது உதவுங்கள்

பரண்பூனை:
இரண்டு நாளாக மண்டை காய்கிறது. ஜப்பானில் வேலை பார்த்துவிட்டு வந்த நண்பர் ஒருவர் ஜூ-ஆன் 2 என்ற ஜப்பானியப் பேய்ப் படத்தின் டிவிடி கொடுத்தார். படத்தில் ஜப்பானிய மொழி மட்டும்தான், ஆங்கில சப்டைட்டில் கிடையாது. படத்தைக் கணினிக்கு மாற்றிக்கொண்டு, 'ஜூ-ஆன் 2' என்று தேடிக் கிடைத்த முதல் எஸ்ஆர்டி ஃபைலை, அதாவது சப்டைட்டில் ஃபைலைப் போட்டேன். திரையில் ஒரு ஜோடி ராத்திரியில் காரில் போகிறது, கீழே வாத்தியார், மாணவன், பள்ளிக்கூடம் என்று ஓடுகிறது. விஎல்சி பிளேயரில் சப்டைட்டில் நேரத்தை நகர்த்தும் ஜி, எச் விசைகளை அழுத்தி அழுத்தி விரல் வலித்ததுதான் மிச்சம். வேறு படத்தின் ஃபைல் என்றும் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் கியோகோ என்ற பெயர் இரண்டிலும் வருகிறது, பேயாக வரும் கயாகோவும் இருக்கிறாள், கர்ப்பிணிப் பெண் பற்றிய பேச்சும் வருகிறது. அதனால் நேரம்தான் தப்பு என்று நினைக்கிறேன். எவ்வளவு நகர்த்த வேண்டும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அப்புறம், முதல் பாகம் பார்க்காமல் இதைப் பார்த்தால் புரியுமா?

நடுநிசிடீ:
அந்த ஜி, எச் விசைகளை விடுங்கள் ப்ரோ. ஒரு அழுத்தலுக்கு 50 மில்லி நொடிதான் நகரும், விடிந்துவிடும். முதலில் இரண்டு தகவல் சொல்லுங்கள். படம் மொத்தம் எவ்வளவு நேரம்? எஸ்ஆர்டி ஃபைலை நோட்பேடில் திறந்தால் கடைசி வரி எத்தனை மணிக்கு முடிகிறது?

பரண்பூனை:
படம் 1 மணி 32 நிமிடம். ஃபைலில் கடைசி வரி 1 மணி 14 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.

நடுநிசிடீ:
நினைத்தேன். உங்களிடம் இருப்பது ஒரு படம், சப்டைட்டில் இன்னொரு படத்துக்கு. பெயர் மட்டும்தான் ஒன்று.

தகாஷி ஷிமிசு 2000-இல் ஜூ-ஆன், ஜூ-ஆன் 2 என்று இரண்டு வீடியோ படங்கள் எடுத்தார். ஜப்பானில் வி-சினிமா என்பார்கள், தியேட்டர் பக்கம் போகாமல் நேரே வீடியோ கடைக்குப் போகிற ரகம். அது பேச்சாகப் பரவி, அதே தலைப்பில் தியேட்டருக்காக மறுபடி முதலிலிருந்து எடுத்தார். அதன் முதல் பாகம் 2002, இரண்டாம் பாகம் 2003. ஆக ஜப்பானிலேயே இரண்டு 'ஜூ-ஆன் 2' இருக்கின்றன. இது போதாதென்று அவரே அமெரிக்காவுக்காக எடுத்த தி கிரட்ஜ் படத்துக்கும் 2006-இல் ஒரு 2 வந்தது.

உங்களிடம் இருப்பது 2003 படம். அதில் கியோகோ ஒரு நடிகை, பேய்ப் படங்களில் நடித்தே பேர் வாங்கியவள், கர்ப்பமாக இருக்கிறாள். நோரிகோ சகாய் நடித்தது. காரில் போகும்போது பூனை மேல் வண்டியை ஏற்றிவிடுகிறார்களே, அதுதான் ஆரம்பம். உங்கள் ஃபைல் 2000 வீடியோ படத்துக்கு. அதிலும் ஒரு கியோகோ உண்டு, வீட்டுத் தரகரின் தங்கை, ஆவி வாடை தெரிந்தவள். கர்ப்பிணி என்று நீங்கள் பார்த்தது கோபயாஷி வாத்தியாரின் மனைவி. இரண்டு கியோகோ, இரண்டு கர்ப்பிணி, இரண்டிலும் அதே கயாகோ. நீங்கள் ஏமாந்ததில் ஆச்சரியமே இல்லை. தேடும்போது 2003 என்று ஆண்டையும் சேர்த்துத் தேடுங்கள்.

ஈரக்குடை:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு இதன் அண்ணன் தம்பி மாதிரி ஒரு பிரச்சினை. 2000 வீடியோ படங்கள் இரண்டும் என்னிடம் இருக்கின்றன. இரண்டாவதைப் போட்டால் முதல் படத்தின் கடைசிப் பகுதியே அப்படியே ஓடுகிறது. பத்து நிமிடம் பார்த்துவிட்டு ஃபைல் மாறிவிட்டது என்று மூடிவிட்டேன். சரியான படம் எங்கே கிடைக்கும்?

நடுநிசிடீ:
அதுதான் சரியான படம். 76 நிமிடத்தில் முதல் அரை மணி நேரம் பழைய படத்திலிருந்து எடுத்ததுதான். கிட்டத்தட்ட நூற்றுக்கு நாற்பது. காசு கொடுத்து வாங்கியவன் கடையில் சண்டை போட்டிருப்பான். தாண்டிவிட்டு மிச்சத்தைப் பாருங்கள்.

பரண்பூனை:
2003 என்று போட்டதும் கிடைத்துவிட்டது, நன்றி. ஆனால் இப்போது வேறு கூத்து. ஆரம்பத்தில் கச்சிதமாக இருக்கிறது, போகப் போக சப்டைட்டில் முந்திக்கொள்கிறது. அரை மணியில் ஒரு நிமிடத்துக்கு மேல் வித்தியாசம். இரவு 12:27-க்குச் சுவரில் 'தட் தட்' என்று சத்தம் கேட்கிறதே, அந்தக் காட்சியில் தோமோகா வாயைத் திறப்பதற்கு முன்பே அவள் சொல்லப் போவது கீழே வந்துவிடுகிறது. பேய்ப் படத்தில் இதைவிடக் கொடுமை உண்டா?

கொக்கிமீன்:
இது நகர்த்திச் சரியாகிற விஷயம் இல்லை அண்ணே, நீட்ட வேண்டும். அந்த சப்டைட்டில் பிரிட்டன் டிவிடியிலிருந்து எடுத்ததாக இருக்கும். அங்கே பால் (PAL) என்ற டிவி முறை, நொடிக்கு 25 பிரேம், அதாவது 25 படங்கள். படம் எடுப்பது 24-இல், அதை 25-ஆக ஓட்டுவதால் நூற்றுக்கு நாலு வேகம் கூடி, 92 நிமிடப் படம் 88-இல் முடிந்துவிடும். ஜப்பான் டிவிடி என்டிஎஸ்சி (NTSC) என்ற வேறு டிவி முறை, அதில் படம் தன் வேகத்திலேயே ஓடும். அதனால்தான் பத்து நிமிடத்துக்கு ஏறக்குறைய 25 நொடி முந்துகிறது. உங்கள் அரை மணி கணக்குக்கும் இது ஒத்துவருகிறது.

சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருளில் ஃபைலைத் திறந்து, சிங்க்ரனைசேஷன் மெனுவில் சேஞ்ச் ஃப்ரேம் ரேட் என்பதற்குப் போங்கள். எதிலிருந்து என்பதில் 25, எதற்கு என்பதில் 23.976. மாற்றிப் போட்டால் இன்னும் மோசமாகும், கவனம். வேறு பெயரில் சேமியுங்கள். அதற்குப் பிறகும் ஒரே அளவில் ஒன்றிரண்டு நொடி தள்ளி இருந்தால் அப்போது ஜி, எச் தட்டலாம்.

பரண்பூனை:
ஒட்டிவிட்டது! கடைசிக் காட்சிவரை ஓட்டிப் பார்த்தேன், உதடும் வரியும் சேர்ந்தே போகின்றன. முதல் பாகம் பற்றிய கேள்வி மட்டும் பாக்கி.

ஈரக்குடை:
நான் 2002 படத்தைப் பார்க்காமல் 2003-ஐப் பார்த்தேன், புரிந்தது. கணவன் தகேயோ கயாகோவைக் கொன்றான், மகன் தோஷியோவும் பூனையும் அவளோடு போனார்கள், அவர்கள் வாழ்ந்த வீட்டுப் படி ஏறியவன் எவனும் தப்பவில்லை. இது தெரிந்தால் போதும். யார் நல்லவன், யார் கெட்டவன் என்ற கணக்கெல்லாம் அவளிடம் கிடையாது.

நடுநிசிடீ:
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2002 படத்தைப் பார்த்துவிட்டே வாருங்கள். கதைக்காக இல்லை. ஷிமிசு ஆள் பெயரைத் தலைப்பாக வைத்துத் துண்டு துண்டாக, காலத்தை முன்பின்னாகக் கலைத்துப் போட்டுச் சொல்வார். 2003-இல் அதை இன்னும் முறுக்கியிருக்கிறார், சிஹாரு என்ற பள்ளி மாணவி வரும் பகுதியில் எது கனவு, எது நடப்பு என்றே பிடிபடாது. முதல் பாகத்தில் பழகிக்கொண்டால் அங்கே தடுமாற மாட்டீர்கள். முடிந்தால் 2000-இன் முதல் வீடியோவையும் பாருங்கள். என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் அதுதான் பயங்கரம், மலிவு வீடியோவில் பக்கத்து வீட்டைப் படம் பிடித்த மாதிரி இருக்கும்.

பரண்பூனை:
சரி, 2002 முதலில். கடைசியாக ஒன்று, இதற்குச் சிரிக்காதீர்கள். சில இடங்களில் ஸ்பீக்கரில் 'க்ர்ர்ர்ர்' என்று கரகரப்பு வருகிறது. ஒயரை மாற்றியும் போகவில்லை.

கொக்கிமீன்:
அது ஒயர் இல்லை அண்ணே, கயாகோவின் தொண்டை.