ஜப்பானிய மொழி படிக்க அகராதிச் செயலி: தேடிய சொல் மனத்தில் தங்க என்ன வழி?

கோவைக்காரன் (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். ஜப்பானிய மொழித் திறனைச் சோதிக்கும் ஜே.எல்.பி.டி. தேர்வில் என்4 நிலையை முடித்துவிட்டு என்3 நிலைக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். கைப்பேசியில் நான்கு அகராதிச் செயலிகள் உள்ளன. ஒன்றில் கிடைக்கும் பொருளை மற்ற மூன்றிலும் சரிபார்த்து, நோட்டில் தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்வது வழக்கம். இருந்தும் ஒரு பக்கச் செய்தியைப் படிக்க ஒன்றரை மணி நேரம் ஆகிறது. காலையில் தேடிய சொல்லையே மாலையிலும் தேடுகிறேன். நேற்று ‘தபெஸஸெரரெத’ என்ற சொல்லைத் தேடியபோது இரண்டு செயலிகளில் ஒன்றுமே வரவில்லை. எந்தச் செயலி நல்லது, அதை எப்படிப் பயன்படுத்துவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

நகோயாவாசி:
நான்கு செயலிகளில் சரிபார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அநேகமாக ஒரே அகராதியைத்தான் நான்கு முறை புரட்டுகிறீர்கள். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜிம் பிரீன் 1991-இல் தொடங்கிய எடிக்ட் என்ற சொற்கோப்பும், அதிலிருந்து வளர்ந்த ஜே.எம்.டிக்ட் தரவுமே ஜிஷோ தளம், தகோபோதோ செயலி எனப் பல இலவச அகராதிகளுக்கு அடிப்படை. ஆகவே ஒன்று போதும். இணையம் இல்லாமலும் இயங்குவதால் நான் தகோபோதோவை வைத்திருக்கிறேன். கணினியில், உலாவியோடு சேரும் ‘யோமிதான்’ என்ற அகராதி நீட்சி இருக்கிறது.

தமிழ் அகராதியில் ‘உண்பிக்கப்பட்டான்’ என்று தேடினால் கிடைக்குமா? ‘உண்’ என்றுதான் பார்க்க வேண்டும். நீங்கள் தேடியதும் அப்படித்தான்: ‘தபெ’ என்பது உண்ணுதல், ‘ஸஸெ’ பிறவினை, ‘ரரெ’ செயப்பாட்டுவினை, கடைசித் ‘த’ இறந்தகாலம். ‘தபெரு’ என்ற அகராதி வடிவத்தைத் தேடியிருந்தால் உடனே கிடைத்திருக்கும். யோமிதான் இந்த அடுக்குகளைத் தானாகவே உரித்துக் காட்டும். ஆனாலும் முதலில் நீங்களே உரித்துப் பார்த்துவிட்டுப் பிறகு சுட்டியைக் கொண்டுபோங்கள்.

பொருளுக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் வரும் குறிப்புகளையும் விடாதீர்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ‘இங்கே’ என்று பொருள்படும் ‘கொகொ’வுக்குச் செயலி காட்டிய காஞ்சி எழுத்தை (சீனத்திலிருந்து வந்த, பொருளைக் குறிக்கும் எழுத்து) மின்னஞ்சல் முழுவதும் போட்டு அனுப்பினேன். பக்கத்து மேசைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். ‘பெரும்பாலும் கனாவில் (ஒலியைக் குறிக்கும் ஜப்பானிய எழுத்தில்) எழுதப்படும்’ என்ற குறிப்பு அதே பக்கத்தில்தான் இருந்தது.

மாலை வகுப்பு ஆசிரியை:
எந்தச் செயலி என்பதைவிட, அது எந்த மொழி வழியாகப் பொருள் சொல்கிறது என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. நாம் ஜப்பானியச் சொல்லை ஆங்கிலத்தில் வாங்கி, அந்த ஆங்கிலத்தைத் தமிழில் புரிந்துகொள்கிறோம். நடுவில் பாதி சிந்திவிடுகிறது. ‘அகெரு’, ‘குரெரு’ இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்தான். எனக்கோ என்னைச் சேர்ந்தவருக்கோ ஒருவர் தருவது குரெரு. என்னிடமிருந்து வெளியே போவது அகெரு. தன்மை, முன்னிலைக்குத் ‘தா’, படர்க்கைக்குக் ‘கொடு’ என்று தொல்காப்பியம் பிரித்ததை நினைத்துக்கொண்டால், முழுமையாகப் பொருந்தாவிட்டாலும் இந்த வேறுபாடு சட்டென்று பிடிபடும். அதுபோலவே, வெளியே குளிரடித்தால் ‘சமுய்’, தொட்ட தண்ணீர் சில்லென்றிருந்தால் ‘ட்சுமெதாய்’.

தமிழ் எப்போதும் கைகொடுக்கும் என்று சொல்ல மாட்டேன். சட்டை, செருப்பு, தொப்பி, கண்ணாடி எல்லாவற்றையும் நாம் ‘போட்டு’ விடுகிறோம்; அவர்களோ சட்டைக்குக் கிரு, செருப்புக்கு ஹகு, தொப்பிக்குக் கபுரு, கண்ணாடிக்குக் ககெரு என்பார்கள். ஆகவே பொருளோடு நிறுத்தாமல், எடுத்துக்காட்டு வாக்கியத்தில் அந்த வினை எந்தப் பெயரோடு வருகிறது என்று பாருங்கள். நோட்டில் வினையை மட்டும் எழுதாமல் ‘தொப்பி-கபுரு’ என்று சேர்த்தே குறித்துவையுங்கள்.

அப்படிக் குறிப்பதும் தமிழ் எழுத்தில் வேண்டாம், கனாவில் எழுதுங்கள். சாவிக்கும் சீமைப் பனிச்சைப் பழத்துக்கும் தமிழில் ‘ககி’ என்றே எழுத முடியும். கனாவிலோ சாவியின் ‘கி’க்கு மேல் இரண்டு சிறு கோடுகள் உண்டு. (இந்தத் திரியில் நாமே அந்தத் தவறைச் செய்துகொண்டிருக்கிறோம் என்பது வேறு விஷயம்.)

மறதியைப் பொறுத்தவரை, முதல் வாசிப்பில் செயலியைத் திறக்காதீர்கள். பத்தி முழுவதையும் படித்து, எந்தச் சொல் தெரியாமல் கருத்தே நிற்கிறதோ அதை மட்டும் தேடி, அது வந்த வாக்கியத்தோடு ‘ஆங்கி’ என்ற நினைவட்டைச் செயலியில் அட்டையாகச் சேருங்கள். ஒரு நாளைக்கு ஐந்தாறு போதும்.

கோவைக்காரன்:
இருவருக்கும் மிக்க நன்றி. மூன்று செயலிகளை நீக்கிவிட்டேன். அச்சில் உள்ள காஞ்சிக்கு உச்சரிப்பே தெரியாதபோது எப்படித் தேடுவது?

நகோயாவாசி:
திரையில் விரலால் எழுதிப் பாருங்கள். பல செயலிகளில் அந்த வசதி உண்டு. சிலவற்றில் கோடுகளின் வரிசை தவறினால் வேறு எழுத்துகள் வந்து நிற்கும். ‘இடது’, ‘வலது’ இரண்டின் தலைப்பகுதியும் பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் இடதுக்குப் படுக்கைக் கோடு முதலில், வலதுக்குச் சாய்வுக் கோடு முதலில். வரிசை நினைவில்லையென்றால் உறுப்புகளைத் தேர்ந்து தேடுங்கள். ‘ஓய்வு’ என்ற எழுத்தில் மனிதனும் மரமும் இருப்பது தெரிந்தால், ஜிஷோவில் அந்த இரண்டையும் தொட்டதும் பட்டியல் சுருங்கிவிடும். அன்றாடப் பயன்பாட்டுக்கென அரசு வகுத்த ஜோயோ காஞ்சிகள் 2,136. அவற்றில் திரும்பத் திரும்ப வரும் உறுப்புகளை முதலில் பழகிக்கொண்டால் இந்த வகைத் தேடல் சில நொடிகளில் முடியும்.