புதுப்பிப்பு: ஹட்டன் தோட்ட ஆபீஸ் செக்ரோல் (தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவேடு) கணினி, ஹார்ட் டிஸ்க் தலைக் கணக்கு

லினக்ஸில் பார்ட்டிஷன்களாக (தனிப் பகுதிகளாக) பிரித்த டிஸ்க்கில் விண்டோஸ் 98 பூட் ஆகவில்லை என்று கேட்டிருந்தேன். காரணம் பிடிபட்டது: டிஸ்க் கெட்டுப்போகவில்லை, கணக்குதான் இரண்டு.

விண்டோஸ் 98, பயாஸ் (மதர்போர்டிலுள்ள தொடக்க மென்பொருள்) சொல்லும் 255 தலை (டிஸ்க்கைப் படிக்கும் ஹெட்), 63 செக்டர் (டிஸ்க்கின் சிறு துண்டு) என்ற கணக்கை நம்பும். லினக்ஸ் 2.6 முதல் பயாஸிடம் கேட்பதில்லை. அதனால் டிரைவ் சொன்ன 16 தலையே பூட் செக்டரில் (பார்ட்டிஷனின் முதல் செக்டரில்) பதிந்திருந்தது.

முதலில் டிஸ்க்கின் முதல் 512 பைட்டை வேறிடத்தில் நகலெடுங்கள். லினக்ஸின் பார்ட்டிஷன் பிரிக்கும் கருவியான எஃப்டிஸ்க்கின் நிபுணர் மெனுவில் தலை 255, செக்டர் 63 கொடுத்து, பார்ட்டிஷனை அதே தொடக்க, முடிவு செக்டரில் திரும்ப உருவாக்குங்கள். ஒரு செக்டர் பிசகினாலும் கோப்புகள் தெரியாது. மறுபடி ஃபார்மட் வேண்டாம். பார்ட்டிஷனின் பூட் செக்டரில் 26ஆம் பைட்டிலிருந்து (0 முதல் எண்ணினால்) இரண்டு பைட்டே தலை எண்ணிக்கை. அதையும் 255 ஆக்கினால்தான் பூட் ஆகும்.

மதர்போர்ட் பற்றரி செத்தால் பயாஸ் எல்பிஏ (செக்டர்களை வரிசை எண்ணால் குறிக்கும் முறை) அமைப்பை மறக்கலாம். இதே கோளாறு திரும்பும்; முதலில் பற்றரியையும் அந்த அமைப்பையும் பாருங்கள்.